பத்து நாள் கடிதம்: பிரெச்செத்தோவுக்கு ஓர் உரை

பலெர்மோவின் கபோ சந்தை போர்த்தா காரினியில் வந்து முடிகிறது. அந்த வாயிலைத் தாண்டினால் நிற்பது நீதிமன்ற மாளிகை. கத்தரிக்காயும் மீனும் கூவி விற்கும் தெருவுக்கும், கடனில் சிக்கிய வீடுகளின் வழக்குகள் போய்ச் சேரும் இடத்துக்கும் இடையே நடக்க ஐந்து நிமிடம்கூடத் தேவையில்லை. 1980களில் தொடங்கி இந்த நகருக்கு வந்த ஈழத்தமிழர்கள் வீட்டுவேலையும் முதியோர் பராமரிப்பும் செய்து பிள்ளைகளை வளர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மொந்தே பெல்லெக்ரீனோ ஏறி சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டார்கள். வாடகை கட்டிக் களைத்த சிலர் ‘மூத்துவோ’ என்னும் வீட்டுக்கடன் எடுத்து வீடும் வாங்கினார்கள். அந்த மூத்துவோ தடுமாறினால் ஒருநாள் வீட்டுக்கு வரும் கடிதத்தின் பெயர் ‘பிரெச்செத்தோ’. அதற்குத் தமிழில் ஓர் உரை வேண்டும் என்பதால் இது எழுதப்படுகிறது.

பிரெச்செத்தோவில் என்ன இருக்க வேண்டும் என்பதை இத்தாலிய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 480ஆம் பிரிவு வகுக்கிறது. அதன் சாரத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

நூல்: ‘கையிலுள்ள நிறைவேற்று உறுதியின் வலுவில், இன்ன தொகையை, பத்து நாளுக்குக் குறையாத தவணைக்குள் செலுத்துக, செலுத்தாவிடில் கட்டாய நிறைவேற்றம் தொடங்கும். நெருக்கடித் தீர்வு அமைப்பு ஒன்றின் அல்லது நீதிபதி நியமிக்கும் வல்லுநர் ஒருவரின் துணையோடு, கடன் கொடுத்தோருடன் உடன்பாடு செய்தோ, அவர்கள்முன் நுகர்வோர் திட்டம் ஒன்றை வைத்தோ, கடனாளி தன் மிகுகடன் நிலையைச் சீர்செய்துகொள்ளலாம் என அறிவுறுத்தப்படுகிறார்.’

இரண்டு வாக்கியங்கள். முதலாவதைப் படிப்பதற்குள் கை நடுங்கத் தொடங்கிவிடும். இரண்டாவது பலர் கண்ணில் படுவதே இல்லை. அந்த இரண்டாம் வாக்கியம் 2015இல்தான் சட்டத்துக்குள் வந்தது. கடனைக் கேட்டு வரும் கடிதமே உதவி எங்கே இருக்கிறது என்றும் சொல்லியாக வேண்டும் என்பது அன்று முதல் விதி. இனி, நூலைத் துண்டு துண்டாகப் பார்ப்போம்.

1. ‘கையிலுள்ள நிறைவேற்று உறுதியின் வலுவில்’

நிறைவேற்று உறுதி என்றது, தனியே வழக்காடித் தீர்ப்புப் பெறாமலே கடனை அறவிடும் வலுவைத் தரும் ஆவணத்தை. வீடு வாங்கிய அன்று நொத்தாரிசு முன்னிலையில் கையொப்பமிட்ட மூத்துவோ உறுதி அப்படிப்பட்டது. ‘வழக்கே நடக்கவில்லை, அதற்குள் எப்படி இந்தக் கடிதம்?’ என்று கேட்பவருக்கு விடை இதுதான்.

யாழ்ப்பாணத்தாருக்கு ஒற்றி தெரியும். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையிலும் அது உண்டு. காணியை ஒற்றி வைத்தால் விளைச்சலை ஒற்றி பிடித்தவர் எடுப்பார், வட்டி அதில் கழியும், முதலைத் திருப்பினால் காணி மீளும். இத்தாலிய ‘இப்போத்தேக்கா’ வேறு வகை. வீடு உங்கள் பெயரில், உங்கள் கையிலேயே இருக்கும். கடன் நின்றுபோனால் அதை விற்றுத் தரும்படி கேட்கும் உரிமை மட்டுமே வங்கிக்கு உண்டு, விற்பது நீதிமன்றம். இலங்கையில் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் நிறைவேற்றியே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விடலாம். இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அறிவித்தல் கொடுத்துவிட்டு வங்கியே சொத்தைக் கையகப்படுத்தலாம். இத்தாலியில் பொதுவாக அப்படி முடியாது. ஒவ்வொரு படியிலும் ஒரு நீதிபதி நிற்கிறார். ஒரு விலக்கு உண்டு. 2016க்குப் பிந்திய உறுதிகளில், 18 தவணைக்குச் சமமான தொகை நின்றால் வீட்டையே கொடுத்துக் கடனை முடிக்கலாம் என்ற தனி உடன்பாடு இருக்கக்கூடும். உங்கள் உறுதியில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

‘வலுவில்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு வரலாறும் மறைந்து நிற்கிறது. ஒரு தவணை பிந்தியதுமே வங்கி ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. வங்கிச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, தவணை தேதிக்குப் பிறகு 30ஆம் நாளுக்கும் 180ஆம் நாளுக்கும் இடையில் கட்டுவதையே ‘பிந்திய கட்டணம்’ என்கிறது. அப்படி ஏழு முறை நடந்தால்தான், தொடர்ந்து இல்லாவிட்டாலும், முறிக்கும் உரிமை வரும். ஆனால் ஒரு தவணை 180 நாளையும் தாண்டிக் கட்டப்படாமலே நின்றால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். ஏழு முறை என்பதைக் கேட்டு, ஒன்றை மட்டும் மறந்துவிட்டு மற்றவற்றைக் கட்டிக்கொண்டு போகிறவர் இங்கேதான் வழுக்குகிறார்.

முதியவரைப் பராமரிக்கும் வேலையில், அவர் இறந்த அன்று வேலையும் முடிகிறது. வருமானம் நிற்கும் அந்த முதல் மாதத்திலேயே போய்த் தட்ட வேண்டிய கதவு ஒன்று உண்டு: 2007ஆம் ஆண்டின் 244ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கிய முதல் வீட்டு மூத்துவோ ஒருமைப்பாட்டு நிதி. ‘ஃபோந்தோ கஸ்பர்ரீனி’ என்றால் வங்கியில் புரியும். வேலை இழப்பு, கடன்பெற்றவரின் மரணம், கடுமையான உடற்குறை, வேலைநேரக் குறைப்பு முதலிய காரணங்களுக்காகத் தவணைகளை மொத்தம் 18 மாதம் வரை நிறுத்தி வைக்கலாம். அந்தக் காலத்து வட்டியில் பாதியை நிதி ஏற்கும். கடன் 250,000 யூரோவுக்கு மேற்படக் கூடாது, குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் சேர்த்து அளக்கும் ‘இசே’ 30,000 யூரோவைத் தாண்டக் கூடாது என்பன சாதாரண காலத்து வரம்புகள். விண்ணப்பிக்கும்போது நிலுவை 90 நாளைக் கடந்திருக்கவும் கூடாது. மனு, மூத்துவோ கொடுத்த வங்கியிலேயே. வேலை இழப்பைக் காட்ட ஒப்பந்தம் வேண்டும்; பாதி நேரத்தை எழுதாமல் கையில் காசு வாங்கியவருக்கு அந்தப் பாதியைக் காட்ட எதுவும் இல்லை. பதிவில்லாத ‘நேரோ’ வேலையின் உண்மையான விலை இங்கே தெரியவருகிறது.

2. ‘இன்ன தொகையை’

தொகை என்றது நிலுவைத் தவணைகளை மட்டும் அல்ல. ஒப்பந்தம் முறிந்தால் மீதி முதல் முழுவதும் ஒரே நாளில் செலுத்த வேண்டியதாகிவிடும். அதோடு வட்டி, தாமத வட்டி, சட்டத்தரணிக் கூலி எல்லாம் சேரும். நான்கு தவணைதான் பாக்கி என்று நினைத்திருந்தவர் கடிதத்தில் முழுக் கடனையும் கண்டு திகைப்பது இதனால்.

அனுப்பியவர் பெயரும் புதிதாக இருக்கலாம். வங்கிகள் வாராக்கடன்களைக் கட்டுக்கட்டாக வேறு நிறுவனங்களுக்கு விற்றுவிடுவது வழக்கம். 1999ஆம் ஆண்டின் 130ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. கேள்விப்படாத பெயர், ஆகவே மோசடிக் கடிதம் என்று தூக்கி எறிய வேண்டாம். கடன் கைமாறியதா என்று பழைய வங்கியில் எழுத்தில் கேளுங்கள். கைமாறியிருந்தால் அதில் ஓர் ஆதாயமும் இருக்கலாம். கடனைக் குறைந்த விலைக்கு வாங்கியவர், ஒரே தொகையாகக் கொடுத்தால் குறைத்து முடித்துக்கொள்ளச் சில நேரம் இணங்குவார். ‘சால்தோ எ ஸ்த்ரால்ச்சோ’ என்பது அந்தப் பேரம். இணக்கம் எழுத்தில் வராமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

தொகை தவறு என்றால், அல்லது அந்த உரிமையே இல்லை என்றால், 615ஆம் பிரிவின் கீழ் எதிர்ப்பு மனு இடலாம். கடிதத்தின் வடிவத்தில் குறை என்றால் 617ஆம் பிரிவு. அதற்கு 20 நாள்தான். இந்த இரண்டும் சட்டத்தரணியின் வேலை. வருமானம் குறைந்தவருக்கு அரசுச் செலவில் சட்டத்தரணி கிடைப்பார். சட்டப்படி தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கும் இந்த உரிமை உண்டு.

3. ‘பத்து நாளுக்குக் குறையாத தவணைக்குள்’

அதிகப் பயத்தைத் தரும் துண்டு இது. பதினோராம் நாள் காலையில் பிஸ்கால் வந்து கட்டிலைத் தூக்கித் தெருவில் போடுவார் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. பத்து நாள் கழிந்தால், அடுத்த படிக்குப் போகும் உரிமை கடன் கொடுத்தவருக்குப் பிறக்கிறது, அவ்வளவே. அந்த உரிமைக்கும் ஆயுள் உண்டு. கடிதம் சேர்ந்து 90 நாளுக்குள் நிறைவேற்றம் தொடங்கப்படாவிட்டால் இந்தப் பிரெச்செத்தோ செத்துவிடும், புதிதாக ஒன்று அனுப்ப வேண்டும். இதை நம்பி ஒளிந்திருக்கலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. புதிதாக அனுப்புவது அவர்களுக்குச் சிறிய செலவு.

‘சேர்ந்து’ என்பதையும் விளக்க வேண்டும். நீதிமன்றக் கடிதங்கள் தபாலில் பச்சை உறையில் வரும். வீட்டில் ஆள் இல்லையென்றால் தபால்காரர் அறிவித்தல் விட்டுப்போவார், கடிதம் தபால் நிலையத்தில் காத்திருக்கும். எடுக்காமல் விட்டால் கணக்கு ஓடாது என்று நம்புகிறவர் ஏராளம். அறிவித்தல் கடிதம் அனுப்பிப் பத்து நாள் கழிந்தால், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், கடிதம் சேர்ந்ததாகவே சட்டம் கொள்ளும். வீடு மாறியும் ‘ரெசிதென்த்சா’ என்னும் வதிவிடப் பதிவை மாற்றாமல் இருப்பவருக்கும் இதே கதி. பச்சை உறையை அன்றே திறப்பதுதான் முதல் தற்காப்பு.

இன்னொன்று. கடிதத்தைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வது பல வீடுகளில் பழக்கம். இத்தாலியன் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கும் இந்தச் சட்டமொழி தெரியாது. தன் வீடு போகப் போகிறது என்ற செய்தியைத் தானே மொழிபெயர்த்துப் பெற்றோருக்குச் சொல்லும் சுமையைப் பன்னிரண்டு வயதில் ஏற்றவும் வேண்டாம். ‘பத்ரொனாத்தோ’ என்னும் தொழிலாளர் உதவி அலுவலகத்துக்கோ, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடமோ எடுத்துச் செல்லுங்கள்.

4. ‘செலுத்தாவிடில் கட்டாய நிறைவேற்றம்’

கட்டாய நிறைவேற்றம் என்றது ‘பிஞ்ஞோராமெந்தோ’வில் தொடங்கி ஏலத்தில் முடியும் பாதையை. நம் ஊரில் பிஸ்கால் என்போமே, அத்தகைய நீதிமன்ற அலுவலர் வீட்டைக் கட்டிப்போடும் ஆவணத்தைச் சேர்ப்பிப்பார். அது காணிப் பதிவேட்டிலும் ஏறும். அதன்பின் வீட்டை விற்றாலும் எழுதிக் கொடுத்தாலும் கடன் கொடுத்தவரை அது கட்டாது. பிறகு மதிப்பீட்டாளர் வருவார், பொறுப்பாளர் வருவார், ஏலத் தேதி வரும்.

இந்தக் காலத்தில் குடும்பம் எங்கே இருக்கும்? அந்த வீட்டிலேயே. 560ஆம் பிரிவின் இன்றைய வடிவப்படி, கடனாளியும் உடன்வாழும் குடும்பத்தாரும் உரிமைமாற்ற ஆணை பிறக்கும் வரை வீட்டை இழப்பதில்லை. அதற்கு நிபந்தனைகள் உண்டு: வீட்டைப் பேண வேண்டும், வாங்க வருவோர் பார்ப்பதைத் தடுக்கக் கூடாது. தடுத்தால் நீதிபதி முன்னதாகவே வெளியேறச் சொல்வார். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்கோ வாழ்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

ஏலக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். மதிப்பீடு 60,000 யூரோ, கடன் 72,000 யூரோ என்று வையுங்கள். முதல் ஏலத்திலேயே அடிப்படை விலையின் முக்கால் பங்கு வரை, அதாவது 45,000 வரை, இறங்கிய கேள்வி செல்லுபடியாகும். எவரும் வரவில்லையென்றால் நீதிபதி அடிப்படை விலையைக் கால் பங்கு வரை குறைக்கலாம். அது 45,000 ஆனால், அதில் முக்கால் 33,750. நான்காம் ஏலமும் வெறுமையாகப் போனால் பாதி வரை குறைக்கலாம். 33,750க்கு வீடு போனது என்றால், நடைமுறைச் செலவுகளைச் சேர்க்காமலே 38,250 யூரோ கடன் மிஞ்சும். வீடும் போய்க் கடனும் நிற்கும் இந்த நிலைதான் இந்த நூலின் முழுப் பயங்கரம். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் துண்டில் இதே கணக்கு கடனாளியின் பக்கம் திரும்பும்.

ஏலத்துக்கு முன் இரண்டு வாசல்கள் உள்ளன. ஒன்று, 495ஆம் பிரிவு: விற்பனைக்கு ஆணை பிறக்குமுன், வீட்டுக்குப் பதில் காசைக் கட்டுகிறேன் என்று கேட்பது. மனுவோடு கடனில் ஆறில் ஒரு பங்கைக் கட்ட வேண்டும். மீதிக்குத் தக்க காரணம் இருந்தால் நீதிபதி 48 மாதம் வரை தருவார். நம் எடுத்துக்காட்டில் முதலில் 12,000. பிறகு மாதம் 1,250, வட்டியும் செலவும் வேறு. பராமரிப்பு வேலைச் சம்பளத்துக்கு இது எட்டாது. இலண்டனிலோ தொரொன்ரோவிலோ உள்ள அண்ணன் தம்பி பொறுப்பேற்றால் மட்டுமே நடக்கும். ஒரு தவணை 30 நாளுக்கு மேல் பிந்தினாலும் வாசல் மூடிவிடும், கட்டிய காசும் கடனோடு கலந்துவிடும். ஆகவே உறவினர் வாக்கை மட்டும் நம்பி இதில் இறங்க வேண்டாம்; காசு கையில் இருக்க வேண்டும்.

மற்றது 568-பிஸ் பிரிவு, 2022ஆம் ஆண்டின் சீர்திருத்தம் கொண்டுவந்தது. மதிப்பீட்டு விலைக்குக் குறையாமல் வாங்க ஒருவர் இருந்தால், ஏலம் இல்லாமல் நேரடியாக விற்கும்படி கடனாளியே கேட்கலாம். விற்பனை விசாரணைக்குப் பத்து நாள் முன்னதாக, வாங்குபவரின் திரும்பப்பெற முடியாத கேள்வியையும் பத்தில் ஒரு பங்கு முன்பணத்தையும் சேர்த்து மனு இட வேண்டும். வீட்டைக் காப்பாற்ற முடியாது என்று தெளிவாகிவிட்டவருக்கு, 33,750க்குப் பதில் 60,000க்கு விற்றுக் கடனைச் சுருக்கும் வழி இது. வீட்டை விடுவதிலும் கெட்டிக்காரத்தனம் உண்டு.

5. ‘நெருக்கடித் தீர்வு அமைப்பு ஒன்றின் அல்லது வல்லுநர் ஒருவரின் துணையோடு’

இங்கே நூல் திசை மாறுகிறது. நெருக்கடித் தீர்வு அமைப்பு என்றது ஓ.சி.சி. என்னும் மூன்றெழுத்தால் அறியப்படுவது. 2012ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் இதைக் கொண்டுவந்தது. 2014இன் 202ஆம் இலக்க அமைச்சாணை இதற்கு விதிகள் தந்தது. வணிகச் சபைகள், சட்டத்தரணிகள் சங்கங்கள், கணக்காளர் சங்கங்கள், நகரசபைகள் முதலியன இத்தகைய அமைப்புகளை நிறுவலாம். நீதி அமைச்சின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். கபோவில் வாழ்பவர் பலெர்மோ நீதிமன்ற எல்லைக்குள் உள்ள அமைப்பை நாட வேண்டும். அமைப்பு உங்களுக்கு ஒரு ‘ஜெஸ்தோரே’யை நியமிக்கும்.

அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்திலிருந்து வளர்ந்த வீட்டுக்கடன் ஆலோசகர்கள் கடனாளியின் பக்கத்தில் அமர்ந்து வங்கியோடு பேசுபவர்கள். ஜெஸ்தோரே அப்படி முழுக்க உங்கள் ஆள் அல்லர். கடனாளிக்குத் திட்டம் வகுக்க உதவுவார். அதே கையால் நீதிபதிக்கு அறிக்கையும் எழுதுவார். கடன் ஏன் வந்தது, கடன் எடுக்கும்போது எவ்வளவு கவனமாக இருந்தீர்கள், ஏன் கட்ட முடியாமல் போனது, ஆவணங்கள் முழுமையா என்பன அந்த அறிக்கையில் வரும். கடன் கொடுத்தவர் உங்கள் திருப்பிக் கட்டும் வலுவைச் சரியாகப் பார்த்தாரா என்பதையும் அவர் எழுத வேண்டும். பார்க்காமல் கொடுத்திருந்தால், திட்டம் தனக்கு ஆதாயமில்லை என்று பின்னர் எதிர்க்கும் உரிமையை அந்த வங்கி இழக்கும். வருமானத்துக்கு மிஞ்சிக் கடனுக்குமேல் கடன் தள்ளிவிட்ட நிறுவனங்களுக்கு எதிராக ஏழையின் கையில் உள்ள ஆயுதம் இது.

ஆகவே ஜெஸ்தோரேயிடம் மறைக்கக் கூடாது. கொண்டுபோக வேண்டியவை: கடன் கொடுத்த எல்லாரின் பட்டியலும் தொகையும், சொத்து விவரம், கடந்த மூன்றாண்டு வரிக் கணக்கு, குடும்பத்தார் எல்லாரின் சம்பளம், ஓய்வூதியம், குடும்பம் உயிர்வாழ மாதம் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு, கடந்த ஐந்தாண்டில் செய்த பெரிய கொடுக்கல் வாங்கல்கள். சீட்டுக் காசும் மைத்துனரிடம் வாங்கிய கைமாற்றும் கடன்தான். எழுத்தில் இல்லையென்று விட்டுவிட்டால் திட்டத்தின் கணக்கு பிழைக்கும்.

இந்தச் சேவை இலவசம் இல்லை. கூலி விதிப்படி கணக்கிடப்படும். தொடக்கத்திலேயே எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். சட்டத்தரணி இல்லாமலும் இந்த மனுவை இடலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் வீடு ஏற்கெனவே கட்டிப்போடப்பட்டிருந்தால், உங்கள் பக்கத்துக்கென்றே பேச ஒரு சட்டத்தரணி இருப்பது நல்லது.

6. ‘உடன்பாடு செய்தோ, நுகர்வோர் திட்டம் ஒன்றை வைத்தோ’

இவை 2012ஆம் ஆண்டுச் சட்டம் இட்ட பெயர்கள். 2022 யூலை 15இல் நடைமுறைக்கு வந்த நெருக்கடிச் சட்டக்கோவை பெயர்களை மாற்றியது. நுகர்வோர் திட்டம் இப்போது ‘நுகர்வோர் கடன் மறுசீரமைப்பு’. தொழில், கடை நடத்தி வந்த கடனுக்கு வேறு நடைமுறை. வீட்டுக் கடன், வீட்டுச் செலவுக் கடன் உள்ள குடும்பத்துக்கு உரியது இந்த மறுசீரமைப்புதான்.

அதன் சிறப்புகள் நான்கு. முதலாவது, கடன் கொடுத்தவர்களின் வாக்கு தேவையில்லை. அவர்கள் கருத்துச் சொல்லலாம். ஏற்பதும் மறுப்பதும் நீதிபதி. இரண்டாவது, திட்டத்தைக் கெடுக்கக்கூடிய ஏல நடைமுறையை நிறுத்தி வைக்கும்படி நீதிபதியைக் கேட்கலாம். ஏலம் நடந்து வாங்கியவர் உறுதியான பின் கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். மூன்றாவது, கணவன், மனைவி, பிள்ளை என ஒரே வீட்டில் வாழ்வோரும் ஒரே காரணத்தால் கடனில் விழுந்த குடும்பத்தாரும் ஒரே மனுவாக இடலாம். ஒருவர் கடனுக்கு மற்றவர் பிணை நின்ற நம் குடும்பங்களுக்கு இது பெரிய வசதி.

நான்காவதுதான் மணி. ஈட்டுக் கடன்காரருக்கும் முழுத் தொகை கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. வீட்டை விற்றால் அவருக்கு எவ்வளவு கிடைக்குமோ அதற்குக் குறையக் கூடாது, அதை ஓ.சி.சி. சான்றளிக்க வேண்டும், அவ்வளவே. மேலே கண்ட ஏலக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். 72,000 கேட்டவருக்கு ஏலத்தில் கிடைக்கக்கூடியது அதைவிட எவ்வளவு குறைவு! உங்களை நடுங்க வைத்த அதே விலை வீழ்ச்சி, திட்டத்தின் அளவுகோலாக வரும்போது உங்களுக்குச் சாட்சி சொல்கிறது.

மூத்துவோ வீட்டில் குடியிருப்பவருக்கு இன்னொரு வழியும் 67ஆம் பிரிவில் உண்டு. விண்ணப்பிக்கும் நாளில் மூத்துவோ தவணைகள் ஒழுங்காக இருந்தால், அல்லது நிலுவையைக் கட்ட நீதிபதி அனுமதித்தால், இனி வரும் தவணைகளை ஒப்பந்தத் தேதிகளிலேயே கட்டிக்கொண்டு, மற்றக் கடன்களை மட்டும் சீரமைக்கலாம். கலியாணத்துக்கும் காருக்கும் தொலைபேசிக்கும் எடுத்த சிறுகடன்கள் சம்பளத்தை விழுங்கி, அதனால் மூத்துவோ ஆடத் தொடங்கிய வீடுகளே அதிகம். அவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் கவனியுங்கள்: இந்த வழி பிரெச்செத்தோ வருமுன்தான் அகலமாகத் திறந்திருக்கிறது. நூலின் இரண்டாம் வாக்கியம் கடிதம் வந்த பிறகு சொல்லும் உதவியை, கடிதம் வருவதற்கு முன்பே நாடியவருக்குப் பலன் கூடுதல்.

எல்லாருக்கும் இந்த வாசல் திறக்காது. கடந்த ஐந்தாண்டில் கடன்விடுதலை பெற்றவர், ஏற்கெனவே இருமுறை பெற்றவர், பெரும் அலட்சியத்தாலோ வஞ்சகத்தாலோ கடனை வருவித்தவர் ஆகியோருக்கு இல்லை. திட்டம் போட வருமானமே இல்லாதவருக்கும் சட்டக்கோவை வேறு இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. சொத்தை நீதிமன்றக் கட்டுப்பாட்டில் தீர்த்து, மூன்றாண்டில் மீதிக் கடனிலிருந்து விடுபடுவது ஒன்று. கொடுக்க எதுவுமே இல்லாதவர் வாழ்நாளில் ஒருமுறை கடன்விடுதலை பெறுவது மற்றொன்று. வீடு போனாலும் மிஞ்சிய கடன் ஆயுள் முழுவதும் துரத்த வேண்டியதில்லை.

7. நூல் சொல்லாமல் விட்டவை

பிரெச்செத்தோ சொல்லாத மூன்றைச் சொல்லி முடிக்கலாம்.

ஒன்று, வீட்டை மைத்துனர் பெயருக்கு எழுதி வைப்பது. சும்மா கொடுத்த சொத்தின்மீது, பதிவான ஓராண்டுக்குள், தனி வழக்கில்லாமலே கடன் கொடுத்தவர் நிறைவேற்றத்தைத் தொடங்க 2015 முதல் சட்டம் வழி செய்திருக்கிறது. அதற்குப் பிறகும் நன்கொடையை முறிக்க வழக்கிடலாம். ஓ.சி.சி. அறிக்கையில் அது வஞ்சகமாகப் பதிவாகி, திட்டத்தின் வாசலும் அடைபடும்.

இரண்டு, வட்டிக்காரர். வங்கித் தவணையைக் கட்ட மாதவட்டிக்குக் காசு எடுப்பவர், சட்டத்துக்குள் இருந்த கடனைச் சட்டத்துக்கு வெளியே கொண்டுபோகிறார். வட்டிக்காரர்முன் ஆறில் ஒரு பங்கும் இல்லை, 48 மாதமும் இல்லை, நீதிபதியும் இல்லை. கபோ அமைந்திருக்கும் பழைய நகரப் பகுதிக்கே ‘மொந்தே தி பியெத்தா’ என்று பெயர். வட்டிக்காரரிடமிருந்து ஏழைகளை மீட்க இத்தாலிய நகரங்களில் எழுந்த அடகு நிலையங்களின் பெயர் அது. இன்று அந்த வேலையைச் செய்ய 1996ஆம் ஆண்டின் 108ஆம் இலக்கச் சட்டம் ஒரு தடுப்பு நிதியை உருவாக்கியிருக்கிறது. வங்கிக் கடன் கிடைக்காதவருக்கு அந்த நிதியைக் கொண்டு பிணை நிற்கும் அறக்கட்டளைகள் உள்ளன. பலெர்மோவில் அப்படி இயங்குவது சாந்தி மமிலியானோ எ ரொசாலியா அறக்கட்டளை. மலையேறிக் கும்பிடும் அதே ரொசாலியாவின் பெயர்தான்.

மூன்று, ‘வீட்டை மீட்டுத் தருகிறோம்’ என்று வருகிறவர்கள். முன்பணம் கேட்பவர், வெற்றுத்தாளில் கையொப்பம் கேட்பவர், வீட்டைத் தற்காலிகமாகத் தன் பெயருக்கு மாற்றச் சொல்பவர் எவரும் ஓ.சி.சி. அல்லர். நீதி அமைச்சின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இந்த உரையின் முடிபு இது. பிரெச்செத்தோவின் முதல் வாக்கியம் நாள் குறிக்கிறது. இரண்டாம் வாக்கியம் போக வேண்டிய இடத்தைச் சொல்கிறது. இடையில் வீட்டை இழப்பவர்களில் பலர் கடனால் மட்டும் இழப்பதில்லை. வெட்கத்தால் வாய் திறக்காமல் நாட்களை இழந்து, அதன்பின் வீட்டை இழக்கிறார்கள். தவணை ஒன்று தவறிய வாரமே வங்கிக்குப் போய் நிதியைப் பற்றிக் கேளுங்கள்; மூன்றாவது தவறுமுன் ஓ.சி.சி.யில் பெயர் கொடுங்கள்; பச்சை உறை வந்துவிட்டால் அன்றே திறந்து, வந்த தேதியை உறையிலேயே எழுதி, உறுதியோடும் சம்பளத் தாள்களோடும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். ஒவ்வொருவர் உறுதியும் வேறு என்பதால், இங்கே சொன்னதை வழிகாட்டியாக மட்டும் கொண்டு, உங்கள் தாளை அறிந்தவர் ஒருவர் கண்ணால் பார்க்கச் செய்யுங்கள். கடன் பட்டது குற்றம் இல்லை. கடிதத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவதுதான் பிழை.